வேட்டித் திரையில் விழுந்த பிழை

1

அன்று அங்கே இருந்தவர்கள்: கோயில் கமிட்டித் தலைவர் பூபதிராஜா. செயலாளர் குட்டியப்பன். பெரிய வீட்டுச் சின்னத்தாய். ஒலிபெருக்கிக் கடை வீரபாண்டி. மேட்டுத்தோட்டம் ஆறுச்சாமி. அவர் மகன் தங்கதுரை. தங்கதுரையின் மனைவி யோகப்பிரியா. ஆக ஏழு பேர். இடம், வடகரப்பதியில் ஏரிக்கரை அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம். கார்த்திகை மூன்றாம் ஞாயிறு, காலை பத்தே முக்கால்.

கதையை இப்படி ஆள் எண்ணித் தொடங்குவது அழகில்லை. இதை எழுதுகிறவருக்கு அது தெரியாமல் இல்லை. தென்னைக்கும் தக்காளிக்கும் தண்ணீர் பாய்ச்சியது போக மிஞ்சிய நேரத்தில் நாற்பது வருடமாகக் கதை எழுதுகிறவர் அவர். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. கோயில் ஆண்டு மலருக்காகப் 'புதிய கணினிப் பதிவு' பற்றி இரண்டு பக்கம் கட்டுரை வேண்டும் என்று குட்டியப்பன் கேட்டார். கட்டுரை வரவில்லை. உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, எழுந்தால் முழங்கால். இதற்கு முன் எழுதிய ஆறு தொடக்கங்களில் மூன்றை மட்டும் இங்கே விட்டு வைக்கலாம்.

அ) அன்று காலையிலிருந்தே மழை கருக்கட்டிக்கொண்டு— [மழை இல்லை. நல்ல வெயில்.]

ஆ) படித்த மருமகள்கள் வீட்டுக்கு வந்தால்— [இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் பேனாவைக் கிணற்றில் போட்டிருக்க வேண்டும்.]

இ) மண்டபத்தில் ஏதோ தவறு நடந்துவிட்டது— [இதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.]

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதையில் வரும் ஆறுச்சாமியும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தால் நாலாவது வரியிலேயே இரக்கம் கேட்கிற குரல் வந்துவிடுகிறது. மேட்டுத்தோட்டத்தில் யாரும் இரக்கம் கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே ஆறுச்சாமி சற்றுத் தள்ளியே நடக்கட்டும்.

2

யோகப்பிரியா வேலந்தாவளத்துப் பெண். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். கல்யாணமாகி நாலு வருடம். வடகரப்பதியிலிருந்து பொள்ளாச்சி வரை சிதறிக் கிடக்கும் நூற்று அறுபது குடும்பங்களின் குடிப்பதிவைக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் போனில் திறந்து தன் வம்சத்தைப் பார்க்கும்படி செய்யலாம் என்று சொன்னது அவள்தான். கமிட்டி சரி என்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மடிக்கணினியோடு உட்காருவாள். ஆறுச்சாமி எதிரே மர நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து, பழைய நோட்டைப் பார்த்தும் பார்க்காமலும் சொல்லுவார். மூன்று மாதம் அப்படி நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சொந்த வீட்டின் முறை வந்தது.

"ராக்கியண்ணன். புள்ளைங்க ரெண்டு," என்றார்.

"ஒண்ணு நீங்க. இன்னொருத்தரு யாருங்க மாமா?"

"தங்கச்சி. சரஸ்வதி. பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவத்தொண்ணு, செப்டம்பர் மூணு."

"எறந்த தேதிங்க?"

"சாகுல."

அவள் விரல்கள் நின்றன. மாமாவின் தங்கை காய்ச்சலில் இறந்துபோனார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஊருக்கே அப்படித்தான் சொல்லியிருந்தது.

ஆறுச்சாமி சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். "எழுதிக்க. இருக்கறது வண்டிப்பெரியார். புருசன் பேரு ஏசுரத்தினம், காலமாயாச்சு. மக எப்சிபா." பிறகு பத்து இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "எல்லாம் உள்ள இருக்கட்டும். வெளியில வரக்கூடாது."

"வெளியில வரக்கூடாதுன்னா எதுக்குங்க மாமா ஏத்தறது?"

"பதிவுல பொய் இருக்கக்கூடாது அம்மிணி. எழுதறது வேற, காட்டறது வேற."

வாசகருக்கு விவரம் வேண்டும். சுருக்கமாக: நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு கோடையில், வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட் பட்டறையிலிருந்து ஏசுரத்தினம் என்ற மெக்கானிக் இந்தப் பக்கம் பம்புசெட் மோட்டார்களைப் பழுது பார்க்க வந்தார். கோடை முடிந்து அவர் கிளம்பியபோது சரஸ்வதியும் கூடப் போய்விட்டாள். ராக்கியண்ணன் கிணற்று மேட்டில் நின்று மகளைத் தலைமுழுகினார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆறுச்சாமியிடம் கேட்டார்கள். காய்ச்சல் என்றார். அப்பா போன பிறகும் அந்தக் காய்ச்சல் அப்படியே நின்றது. ஆறு வருடத்துக்கு முன் ஏசுரத்தினம் இறந்த செய்தி ஒரு அச்சிட்ட அட்டையில் வந்தது. அதன் அடியில் யாரோ பேனாவால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தார்கள்.

[யாரோ என்ன யாரோ? அது சரஸ்வதியின் கையெழுத்து. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் கோடு போடுவது அவள் வழக்கம்.]

அவர் அந்த நம்பரை டைரியில் எழுதிக்கொண்டார். கூப்பிடவில்லை.

யோகப்பிரியா தன் நிரலில் 'மறைக்க' என்று ஒரு பட்டியல் வைத்து, அதில் அந்த ஒரு பெயரை மட்டும் போட்டாள். ஏன் என்று பின்னால் தனக்கே மறந்துவிடக் கூடாது என்பதற்காக மேலே ஒரு குறிப்பும் எழுதினாள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படி எழுதுவார்களாம். கணினி அதைப் படிக்காதாம். மனிதர்களுக்கு மட்டும்தானாம்.

3

பாதி முடிந்த பதிவை ஆறுச்சாமி தங்கதுரையின் பழைய மடிக்கணினியில் திறந்து சோதிப்பார். ஒரு நாள் ஒரு பெயரைத் தட்டினார். வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. நடுவில் ஒரு வரி: 'ஏதோ தவறு நடந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும்.'

அவருக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது.

இந்த இடத்தில் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. மாசிப் பொங்கல் அன்று, பந்தி போடுவதற்கு முன்னால், குறை கேட்பது என்று ஒன்று உண்டு. குறை உள்ளவர் தீபக் கம்பத்தில் கை வைத்து நின்று சொல்ல வேண்டும். எந்த வீடு, யார் மகன், என்ன செய்தான், யார் பார்த்தது. நாலும் வேண்டும். 'யாரோ', 'ஏதோ' என்ற சொற்கள் அங்கே செல்லாது. சொன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். அப்படிக் குறை கேட்கும் உரிமை மூன்று தலைமுறையாக மேட்டுத்தோட்டத்துக்கு.*

* கேட்கிறவர் மேலேயே ஒரு குறை வந்தால் யார் கேட்பது என்பதற்கு வழக்கம் கிடையாது. அப்படி வந்ததில்லை.

"அம்மிணி, இங்க வா. ஏதோன்னா என்ன?"

"அது பொதுவா வர்றதுங்க மாமா. உள்ள என்னமோ எரர்."

"என்னமோவா? யாரு பண்ணுனது? எந்த எடத்துல?"

"அது என்ற லேப்டாப்புல மட்டுந்தானுங்க தெரியும். எனக்கு டீபக் ஆன்ல இருக்குது."

டீபக் என்பது பிழையை முழு விவரத்தோடு காட்டுகிற ஏற்பாடாம். அவள் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதே தவறு அங்கே ஒரு பக்கம் நிறைய விரிந்து கிடந்தது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, அந்த வரியைக் கூப்பிட்டது எது, அதைக் கூப்பிட்டது எது, அப்போது எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருந்தது என்று கீழே கீழே இறங்கிப் போனது. ஆறுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார் என்று குடிப்பதிவு வாசிப்பது போலவே இருந்தது அது.

"இதல்லவா மரியாத! எனக்கும் இதையே காட்டு."

"செய்யறப்ப மட்டுந்தானுங்க மாமா இது. ஊருக்குத் தொறந்து உடறப்ப ஆஃப் பண்ணிருவோம்."

செட்டிங்ஸ் என்ற கோப்பில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. ஆன் அல்லது ஆஃப். பக்கத்திலேயே, எந்தெந்தக் கணினிக்கு அந்த விவரம் தெரியலாம் என்று ஒரு பட்டியல். அதுவரை அதில் அவளுடைய கணினி மட்டும் இருந்தது. அன்று அவருடையதும் சேர்ந்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் வீட்டில் ஆறுச்சாமியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அம்மிணி, நூத்திப் பதினாலாவது வரி! நீ பண்ணுனதுதான்!" அவளும் அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே, "நாந்தானுங்க மாமா, ஒத்துக்கறேன்," என்பாள். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம் கிடைத்தது பற்றி இன்னும் இரண்டு பத்தி எழுதலாம். கை ஓயவில்லை. மனசுதான் ஓய்கிறது. அந்தச் சந்தோஷத்தால்தான் எல்லாம் வந்தது.

4

கமிட்டிக்குக் காட்டும் நாள். காரில் ஏறும் முன்பு நடந்தது.

யோகப்பிரியா எதுவும் சொல்லவில்லை.

[இந்த வாக்கியம் பொய். அழிக்காமல் நிற்கட்டும். நாலு பிரதிகளில் இது நின்றது, நாலிலும் கதை நன்றாகவே இருந்தது. கீழே வருவது நடந்தது.]

"மாமா, இன்னைக்கு வீரபாண்டியண்ணன் கம்ப்யூட்டர்ல போடறோமுங்க. டீபக்க ஆஃப் பண்ணிரட்டுங்களா?"

"ஏன்?"

"எரர் வந்துச்சுன்னா உள்ள என்ன இருக்குதோ அப்பிடியே கொட்டிருமுங்க. எழுதி வெச்ச குறிப்பு, பேரு, நம்பரு, எல்லாம்."

"கொட்டட்டும். பூபதிராஜா முன்னால ஏதோ தவறுன்னு ஒரு பலகை வந்து நிக்கோணுமா? மேட்டுத்தோட்டத்து ஊட்டு வேல அது. தப்புன்னா தப்ப முழுசாச் சொல்லட்டும்."

தங்கதுரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, "அப்பா, அவ சொல்றதக் கொஞ்சம்..." என்றான்.

"நீ வண்டியப் பாரு."

"ஒருக்கா யோசிச்சுக்கங்க மாமா. ஆஃப் பண்ணிரட்டுங்களா?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டாள் அவள்.

"ஆன் பண்ணு அம்மிணி. எல்லாத்துக்கும் தெரியற மாதிரி ஆன் பண்ணு."

மடிக்கணினியைக் கார் பானட்டின் மேல் வைத்துத் திறந்து, பட்டியலில் இருந்த கட்டுப்பாட்டை எடுத்தாள். அரை நிமிட வேலை.

இங்கே ஆறுச்சாமி என்ற பாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம் வருகிறது. அந்த நேரத்தில் சரஸ்வதியின் பெயர் அவருக்கு நினைவில் இருந்ததா? உள்ளூர விரும்பித்தான் அப்படிச் சொன்னார் என்று எழுதினால் கதைக்கு ஓர் ஆழம் கிடைக்கும். நாற்பது வருடம் கதை எழுதியவருக்கு அந்த வித்தை தெரியும். ஆனால் அது ஆறுச்சாமிக்குச் சேராத பெருமை. அவருக்கு நினைவில் இல்லை. அவ்வளவுதான். ஒன்றை நீண்ட காலம் மறைத்து வைத்தால், மறைத்தது மனசில் தங்கும். மறைவாக இருக்கிறது என்பது மட்டும் மறந்துபோகும். கதவுக்குப் பின்னால் நிறுத்திய கம்பியை மறந்துவிட்டுக் கதவைத் திறப்பது போல.

5

மண்டபத்தில் திரை இல்லை. வீரபாண்டி ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டினான். ஏழு பேருக்கு மைக் எதற்கு என்று கேட்டதற்கு, "வாடகையில அதுவுஞ் சேந்ததுங்க," என்று கையிலேயே வைத்துக்கொண்டான்.

முதல் இருபது நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பூபதிராஜா தன் வீட்டை வரச் சொன்னார். வந்தது. அவர் பெயருக்குக் கீழே பேரன் வரைக்கும் இறங்கியது. மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏனுங்ணா, உங்க ஊட்டையும் பாப்போமா?"

"பாரு."

யோகப்பிரியா ஆறுச்சாமி என்று தட்டினாள். ஆறுச்சாமி, தங்கதுரை, யோகப்பிரியா. வீட்டில் நூறு முறை பார்த்த பக்கம்.

"அப்பிடிப் போதாது அம்மிணி. மேல இருந்து வரட்டும். ராக்கியண்ணப் பெரியப்பன்ல இருந்து ஆரம்பி."

அதுவரை யாரும் மேலிருந்து பார்த்ததில்லை. அவள் ஒரு கணம் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை ஆறுச்சாமிக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது அது என்ன என்று புரியவில்லை. தலையை ஆட்டினார். அவள் தட்டினாள்.

நிரல் ராக்கியண்ணனிடம் போய், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டது. இரண்டு என்றது பதிவு. முதல் பிள்ளை ஆறுச்சாமி. இரண்டாவது பிள்ளையின் பெயர் மறைக்கும் பட்டியலில் இருந்ததால், அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அந்த ஒன்றுமில்லாததிடம், உன் பெயர் என்ன என்று அடுத்த வரி கேட்டது. அங்கே உடைந்தது.

வேட்டி நிறைய எழுத்து விழுந்தது.

யாருக்கும் முதலில் எதுவும் புரியவில்லை. "என்னப்பா இது?" என்றார் குட்டியப்பன். உதவி செய்கிற நினைப்பில் வீரபாண்டி மைக்கை வாயருகே கொண்டுபோனான். அவன் வேறு ஊர்க்காரன். இங்கிலீஷை எல்லாம் தாண்டித் தமிழில் இருந்ததை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசித்தான்.

"மாமா சொன்னபடி: இவர் மாமாவின் தங்கை. இந்தப் பெயர் எங்கேயும் வரக்கூடாது. ஊரில் இறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மறைக்க, இருபுள்ளி, சரஸ்வதி. நிலை, உயிருடன். பிறந்த தேதி, மூணு, ஒம்பது, அறுவத்தொண்ணு. ஊரு, வண்டிப்பெரியார். போன் நம்பர்..."

"நிறுத்துங்கண்ணா!" என்றாள் யோகப்பிரியா. அவன் இலக்கங்களை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினான்.

சின்னத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு வேட்டியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் சரஸ்வதியும் அவரும் ஒரே வாய்க்காலில் துணி துவைத்தவர்கள். "ஏனுங் கொழுந்தனாரே, சரசு இருக்கறாளா? நான் இத்தன வருசமா அவளுக்கும் சேத்துத்தான ஆடி அமாவாசைக்கு எள்ளுந் தண்ணியும் எறைச்சேன்?"

பூபதிராஜா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "பேரு கேட்ட எடத்துல என்னமோ உடைஞ்சிருக்குது. என்ன அம்மிணி அது?" என்றார்.

"ஆளு இல்லீங்க மாமா. பேரு கேட்டா ஆளு இருக்கோணுமுங்களே," என்றாள் அவள். பிறகு வயரைப் பிடுங்கினாள். வேட்டி மறுபடி வேட்டியானது.

அதற்குள் குட்டியப்பன் போனில் படம் எடுத்திருந்தார்.

ஆறுச்சாமி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான்தான் ஆன் பண்ணச் சொன்னேன்' என்ற அளவுக்காவது. சொல்லவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடினார். இடது கால் செருப்பு காலிலேயே இருந்தது.

6

படம் மறுநாள் காலைக்குள் பங்காளிகள் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் அதற்கு ஒரு கதையும் வந்துவிட்டது. மேட்டுத்தோட்டத்து மருமகள் வேண்டுமென்றே திறந்து வைத்தாளாம். மாமனாரை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கக் காத்திருந்தாளாம். வண்டிப்பெரியார்க்காரர்களோடு நாலு வருடமாகப் பேச்சுவார்த்தையாம். அந்தக் கதையை எழுதியவருக்கு ஆறு தொடக்கம் தேவைப்படவில்லை.

பூபதிராஜா வீட்டுக்கு வந்தார். மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "குழுவுல எல்லாரும் கேக்கறாங்கண்ணா. மாசிப் பொங்கலுக்குக் கம்பத்துல நிக்க வெச்சுக் கேட்டரலாம். பொண்ணு வந்து, தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க கேக்க வேண்டியது, அது சொல்ல வேண்டியது. முடிஞ்சுது."

"ம்," என்றார் ஆறுச்சாமி.

கதவுக்கு அப்பால் யோகப்பிரியா நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவள் குறையாகப் பேசியதில்லை. கோபமாகவும் பேசியதில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. 'நூத்திப் பதினாலாவது வரி' என்று கூப்பிட மட்டும் ஆறுச்சாமிக்கு வாய் வரவில்லை.

[தங்கதுரை அவரிடம் பேசியதை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தாயிற்று. ஒரு வரி மட்டும் இருக்கட்டும்: "அப்பா, கம்பத்துல அவ நின்னா, அடுத்த நாள் நாங்க இந்த ஊட்டுல இல்ல."]

நாலாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. டைரியில் இருந்த நம்பர். ஆறு வருடம் பார்த்துப் பழகிய இலக்கங்கள் தாமாக வந்து திரையில் நின்றன.

"மாமா, நா எப்சிபா பேசுதேன். வண்டிப்பெரியார்ல இருந்து."

"ம்."

"மூணு நாளா தெரியாத ஆளுவ எல்லாம் போன் போட்டு, ஒங்கம்மா உயிரோட இருக்காவளான்னு கேக்குதாவ. ஒரு படத்தையும் ஒங்க நம்பரையும் அவியளே அனுப்பிருக்காவ. என்ன மாமா இது? ஆளு இருக்கும்போதே இப்படியா கேப்பாவ?"

அவர் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினார். கதைகளில் எத்தனையோ பேருக்கு அதைக் கொடுத்திருக்கிறார். "எங்க ஊட்டுத் தப்பு," என்றார்.

"சரி, விடுங்க. நா அதுக்குக் கூப்பிடல. அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாவ. அந்தப் படத்துல செப்டம்பர் மூணுன்னு போட்ருக்கே, அது நெசந்தானா?"

"நெசம். அப்பா நோட்டுல இருக்குது. ஆவணி மாசம்."

"அம்மாவுக்கே தெரியாது மாமா. ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு போட்டு வச்சிருக்கு. எஸ்டேட்ல பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுதான். படத்தப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு இருக்காவ. மேல எழுதிருக்கத எல்லாம் படிக்கல. தேதியத்தான் பாக்காவ."

பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

யாரோ இல்லை.

"அம்மாட்டக் குடுக்கட்டுமா மாமா?"

போன் சூடாக இருந்தது. ஆறுச்சாமி—

7

இந்த இடத்தில் முடிவுகள் வருகின்றன. மலர் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டதால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் முடிவு. அண்ணனும் தங்கையும் பேசுகிறார்கள். மாசிப் பொங்கலுக்குச் சரஸ்வதி பஸ் ஏறி வருகிறாள். சின்னத்தாய் கட்டிக்கொள்கிறார். ஊர் அழுகிறது. [ஊர் அழாது. பந்திக்கு நேரமாகிறது என்று சொல்லும்.]

இரண்டாம் முடிவு. யோகப்பிரியா கம்பத்தில் கை வைத்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்கிறாள். ஆறுச்சாமி, சரி போம்மா என்கிறார். மேட்டுத்தோட்டத்து மானம் நிற்கிறது. [பூபதிராஜாவுக்குப் பிடித்த முடிவு. நாலு பிரதிகளில் இதுதான் இருந்தது. அந்த நாலையும் யோகப்பிரியா படித்தாள். தட்டச்சு செய்து கொடுத்தவளே அவள்தான். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. நாலாவது பிரதியைக் கொடுக்கும்போது மட்டும், "இதுல டீபக் ஆஃப்ல இருக்குதுங்க மாமா," என்றாள்.]

மூன்றாம் முடிவு நடந்தது. ஆனால் அது முடிவாகவில்லை. நேற்று மத்தியானம் அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எல்லாம் சரி பண்ணிட்டேனுங்க. டீபக்க ஆஃப் பண்ணிட்டேன். இனி எரர் வந்தாலும் உள்ள இருக்கறது வெளிய வராது. குறிப்பையும் எடுத்துட்டேன். இந்த ஒரு வரிதான் பாக்கி."

திரையில் 'மறைக்க' என்ற பட்டியல். உள்ளே ஒரு பெயர். பக்கத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"இத நீயே முடிவு பண்ணிக்க அம்மிணி."

"நான் போடுலீங்களே மாமா. நீங்க போடச் சொன்னது. இருக்கோணுமுன்னா இருக்கட்டும், இப்ப உடையாது. வேண்டாமுன்னா பேரு போற வரைக்கும் அழிக்கற பொத்தானத் தட்டுங்க. அவ்வளவுதான்."

அவள் எழுந்து போய்விட்டாள். ஆறுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகு வலித்தது. நாற்பத்தொரு வருடமாக நிமிர்ந்தே உட்கார்ந்த முதுகு. முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

8

அவர் அந்தப் பெயரை எடுத்தாரா என்று இங்கே எழுதப்போவதில்லை. போனில் பேசினாரா என்றும் இல்லை. அவை இரண்டும் அண்ணன் தங்கை சங்கதி.

முடிவு வேண்டும் என்கிறவர்கள், இந்த மலர் கைக்கு வந்ததும் போனை எடுங்கள். பதிவு இப்போது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ராக்கியண்ணன் என்று தேடுங்கள். மேலிருந்து பாருங்கள். பிள்ளை ஒன்று வருகிறதா, இரண்டு வருகிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் மலர் மாசிப் பொங்கலுக்கு முந்தின வாரமே வந்துவிடும். கம்பத்தடியில் யாரைக் கூப்பிடுவது என்பதை அதற்குள் சொல்லியாக வேண்டும். குறை கேட்கும் உரிமை உள்ளவர் முதலில் தன் வீட்டுக் குறையைச் சொல்லட்டும். நாலும் வரிசையாக.

வீடு, மேட்டுத்தோட்டம். ராக்கியண்ணன் மகன் ஆறுச்சாமி. உயிரோடு இருக்கும் தங்கையைச் செத்தவள் என்று ஊருக்குச் சொன்னது ஒன்று. மண்டபத்தில் வாய் திறக்காமல் செருப்பைத் தேடியது ஒன்று. பார்த்தவர்கள் ஏழு பேர், பெயர்கள் முதல் பத்தியில் இருக்கின்றன.

மற்றபடி, மேட்டுத்தோட்டத்து மருமகள் வேண்டுமென்றே திறந்து வைத்தாள் என்று ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். யோகப்பிரியா ஆஃப் பண்ணட்டுமா என்று இரண்டு முறை கேட்டாள். ஆன் பண்ணச் சொன்னது நான்.